பிரீத்திகா மேஜையில் மட்டும் அறுந்த இழை

ஜூன் 6, வெள்ளி

பக்கத்து வீட்டு பிரீத்திகா எங்கள் கம்பெனியில் சேர்ந்து ஒரு மாசம். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழையின் மேல்தோலை உரித்து, சின்ன டப்பிக்குள் ஒட்டி மூடுகிற வேலை. பாவம், புதுசு; பயந்து பயந்து உரிக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும், இழை உரிக்கிற அவள் ஸ்டிரிப்பருக்குப் பொன்மலை முருகன் திருநீறு பூசிவிடுகிறேன்; சாயங்காலம் அவள் துடைத்து வைக்கும்வரை இருக்கும். "பயப்படாத அம்மணி, அவன் பாத்துக்குவான்."

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜூனில் அனுப்பிய டப்பிகளில் பதினாலு திரும்பி வந்துவிட்டன. மூடின டப்பிக்குள்ளேயே இழை அறுந்திருக்கிறது. எல்லாம் பிரீத்திகா மேஜையில் செய்தது. சூப்பர்வைசர் ஆதர்ஷ் அத்தனை பேர் முன்னாலும், "வாயில இருக்கற கவனம் கையில இல்ல"ங்கறான். அந்தப் புள்ள வாயத் தொறந்து யாரு பாத்தா? பேசறது பூரா நாந்தானே! மாசக் கடைசியோட நிறுத்திருவானாம்.

"ஏனுங்க சார், போறப்ப நல்லாத்தானே போச்சு? ரண்டு மாசங்கழிச்சு அறுந்தா அவ என்ன பண்ணுவா?"

"உரிக்கறப்பவே கீறல் விழுந்திருக்குமுங்க்கா. அது நாளாக நாளாக வளருமுங்க."

இவன் போய்க் கண்டானாக்கும்!

ஆகஸ்ட் 19

முருகா, நீயும் வேடிக்கைதான் பார்க்கிறாயா?

ஆகஸ்ட் 21, வியாழன்

விடுவேனா? நேராக முதலாளி சுந்தரராஜுலுவிடமே போனேன். "மாடு வாங்கறதுன்னாலே பல்லப் புடிச்சுப் பாக்கறமுங்க. மூடறதுக்கு முன்னால ஒவ்வொரு இழையா இழுத்துப் பாருங்க. நோஞ்சான் இங்கயே அறுந்து போகட்டும்." "நல்லதும் போயிருமுங்க" என்று ஆதர்ஷ் சலித்துக்கொண்டான். முதலாளி இழுக்கச் சொல்லிவிட்டார். இன்று பிரீத்திகா செய்ததில் ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. ஆதர்ஷ் மூஞ்சியப் பாக்கணுமே!

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஒம்பது அறுந்துபோச்சு. அவ மேஜையில மட்டும்.

ஆதர்ஷ் அவள் ஸ்டிரிப்பரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான். "பிளேடுல வெள்ளையா ஏதோ பொடி. மணலாட்டம் கண்ணாடியக் கீறுது. திரும்பி வந்த பதினாலும் வெள்ளிக்கிழமை செஞ்சது. என்னத்தம்மா போடற வெள்ளிக்கிழமையானா?"

பிரீத்திகா என்னைப் பார்த்தாள். குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும் — அப்பவும் சொல்லல!

எந்திரிச்சு அவ மேஜைக்குப் போனேன். "நாந்தானுங்க சார், திருநீறு பூசினது"ன்னேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பிரீத்திகா வேலையில் இருக்கிறாள். என்னை இழுத்துப் பார்க்கிற மெஷினில் உட்காரவைத்துவிட்டார்கள். கேட் குழாயடியில் நெற்றியைத் துடைத்து, முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

எல்லார் முன்னாலும் அந்தப் புள்ளயத் திட்டினவன் இன்னும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அவள் செய்தவற்றை ஒவ்வொன்றாக இழுத்தேன். தலை நிமிராமல் அவளாகவே கேட்டாள்:

"அத்தே, நிக்குதுங்களா?"

"நிக்குது கண்ணு."