வார்டுக்குள் வந்த வெள்ளம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலத்துக்கு என்ன குறைச்சல்! உன் கட்டுரைக்கு மறுபடியும் பரிசாமே. அம்மா போனில் மூன்று தடவை சொல்லிவிட்டாள். மூன்று தடவையும் ரொம்ப சந்தோஷம் என்றேன். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு.

என் சங்கதியை அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் தீராது. போன வருடம் ஆற்று வெள்ளத்தைப் பற்றி நீ இங்கிலீஷில் எழுதிய கட்டுரையை, 'மாதிரிக்கு வச்சுக்கோக்கா' என்று ஒரு வரி போட்டு அனுப்பினாயே, அதை நான் மாதிரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

என் ஆய்வேடு நர்சுகளின் வேலை நேரத்தைப் பற்றியது என்று உனக்குத் தெரியும். ஒன்றரை வருடம் நாலு வார்டுகளில் கால் கடுக்க நின்று, நாற்பது பேரிடம் பேசிச் சேர்த்த விஷயம். தலைக்குள் எல்லாம் தமிழில் கடகடவென்று ஓடுகிறது. இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அதுவும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் பல்லிளிக்கிறது.

அதனால் உன் வாக்கியங்களை எடுத்தேன். நீ ஆறு என்று எழுதிய இடத்தில் நர்சுகள் என்று போட்டேன். வெள்ளம் இருந்த இடத்தில் வேலைப்பளு. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. ஒரே ஒரு இடத்தில் அசந்துவிட்டேன். பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சத்தமாக வாசித்தார். மழைக்காலத்தில் இந்த நர்சுகள் கரையை உடைத்துக்கொண்டு வயல்களுக்குள் புகுகிறார்களாம். பக்கத்தில் இருந்த உதவிப் பேராசிரியை இருமுவதுபோல் சிரித்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது.

வியாழக்கிழமை விசாரணைக் குழு. அதற்கு முன் நான் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அவர்கள் ஏற்காவிட்டால் என் படிப்பு அத்தோடு சரி.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வாக்கியங்களை எடுத்தபோது எனக்கு வெட்கமாகவே இல்லை. என் பங்கை எடுப்பதுபோல்தான் இருந்தது. என்னைத் தெருமுனைப் பள்ளியில் தமிழில் படிக்கப் போட்ட அப்பா, உன் முறை வந்ததும் வேனில் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினார். உன் ஷூவுக்கு பாலிஷ் போட்டது நான். உன் தமிழ்க் கட்டுரைகளை எல்லாம் எழுதித் தந்ததும் நான். நீ அதைப் பார்த்து எழுதி 'வெரி குட்' வாங்கி வருவாய். அப்போது யாரும் குழு கூட்டவில்லை.

வயிறு எரிகிறதடி. இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், எரிகிறது.

விளக்கத்தை உன்னையே எழுதித் தரச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். கேட்டால் பத்தே நிமிடத்தில் எழுதித் தந்துவிடுவாய். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நானே எழுதினேன். கேன்டீன் மேஜையில் இரண்டு நாள். நீ கொடுத்தது மாதிரிக்கு, நான் செய்தது திருட்டு என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். உன்மேல் ஒரு சொல் வராது. கட்டுப் போட்டுக்கொண்டே நின்றபடி தூங்கிவிட்ட ஒரு நர்சைப் பற்றியும் எழுதினேன். நோயாளி அவள் விழித்துக்கொள்ளும்வரை கையை அசைக்காமல் நீட்டிக்கொண்டே இருந்தாராம். குட்டைக் குட்டை வாக்கியங்கள்தான். எல்லாம் என்னுடையவை.

அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இது உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை தாண்டியிருக்கும். வேண்டுமென்றேதான் தபாலில் போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இன்னும் நிறையப் பரிசு வாங்கு, நானும் எரிந்துகொண்டே சந்தோஷப்படுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நகலைப் படிக்கும்போது கையில் பேனா வைத்துக்கொள்ளாதே. தூங்கிய நர்சைப் பற்றிய இடம் வந்ததும், 'இதை நான் எழுதியிருக்கலாமே' என்று ஒரு நொடியாவது உனக்குத் தோன்றினால், மறைக்காமல் எனக்கு எழுது.

உன்
அக்கா