ஏழு மணிப் பிசாசு

நேற்று ஏனாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டு வந்தாள். காதில் ஹெட்போன் மாட்ட மறந்துவிட்டாள் போலிருக்கிறது, பஸ் முழுக்கக் கேட்டது. "ஏரிகளில் அலையும் மர்ம வெளிச்சம்! கொள்ளிவாய்ப் பிசாசு உண்மையா, பொய்யா?" என்று ஒருவர் தொண்டையை இறுக்கிக்கொண்டு கேட்டார். பின்னால் பயங்கரமான மியூசிக். கண்டக்டர் அவளைப் பார்த்து, "உண்மையோ பொய்யோ, சவுண்டக் கம்மி பண்ணும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் திரும்பினேன். யாரோ ஒரு அம்மா மடியில் கீரைக்கட்டை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

உன்னுடைய முப்பதாம் நாள் பூசைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அதை ஒரு நிமிஷம் மறந்துபோனேன், அவ்வளவுதான்.

மருந்து வாசனை அடித்த அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. உனக்கும் பிடிக்காது. பிசாசைப் பற்றி எழுதுகிறேன்.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் நாம் இருவரும் ஒரே மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்தவர்கள். பிள்ளையார்பாளையத்தில் என் அப்பா நெய்தார், நான் கடையில் விற்றேன். நீ ஏனாத்தூருக்கும் அப்பால், ஏரியை ஒட்டிய காலனியிலிருந்து பஸ் ஏறி வருவாய். உங்கள் தெருவில் நாற்று நடப் போகாமல் கடை வேலைக்கு வந்த முதல் பெண் நீதான். வந்த புதிதில் உனக்குப் பட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியும். "வாயி சொல்ற கலர உடு. கண்ணு எந்தக் கலருல போயி நிக்குதுன்னு பாரு" என்பாய். பேசிக்கொண்டே முந்தியை உன் தோளில் போட்டுக் காட்டுவாய். வேண்டாம் என்று எழுந்தவர்கள் மறுபடி உட்காருவார்கள்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. உங்கள் ஏரி கரை தளும்ப நின்றது. கடையில் தீபாவளிக் கூட்டம், கூடவே கல்யாணக் கூட்டம். கடை முடிந்து நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது இருட்டிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு ஏரிக்கரை மேல்தான் வழி. கையில் டார்ச்சை அடித்துக்கொண்டு, மாதா கோயில் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு நடந்து போவாய்.

ஒருநாள் காலை கடைக்கு வந்தவள் பையைக்கூட வைக்கவில்லை.

"எங்க ஏரில கொள்ளிவாய்ப் பிசாசு வந்துக்கினு இருக்குதாம்" என்றாய், ஊரில் புது பஸ் விட்டிருக்கிறார்கள் என்று சொல்வதுபோல.

"யாருடி சொன்னது?"

"பக்கத்து வூட்டு அண்ணன். பாத்துட்டு ஓடியாந்து வாய்க்கால்ல வுயுந்து கைய ஒடச்சிக்கினாரு. தண்ணி மேல வெளிச்சம் எரியுதாம், அணையுதாம், அப்புறம் வேற எடத்துல போயி எரியுதாம்."

"நீ தெனம் அந்த வழியாத்தானே போற? பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? எங்கண்ணு கால்ல பாம்பு இருக்குதான்னு பாத்துக்கினு போவும். ஏரிய எவ பாக்கறா?"

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாய். உன் அப்பா வேலையை விடச் சொல்லிவிட்டார். கொத்தனாராக எத்தனையோ மாடிக்குச் சாரம் கட்டி ஏறியவர், கீழே பார்த்தால் தலை சுற்றாதவர், பிசாசு என்றால் மட்டும் நடுங்குவார். இருட்டுவதற்கு முன்னால் வீடு வந்து சேரும்படி இருந்தால் போ, இல்லையென்றால் இந்த மாதத்தோடு நின்றுவிடு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளியைக் கேட்டோம். சீசன் நேரத்தில் யாரையும் முன்னால் அனுப்ப முடியாது என்று அவரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. "திரும்பவும் சேத்துல நிக்கணும்" என்று ஒரே ஒரு முறை சொன்னாய். கொஞ்ச நேரம் கழித்து நீயே நிமிர்ந்தாய்.

"பேய ஓட்டறதுக்கு ஊருல ஆளு இருக்குது. எங்கப்பா பயத்த ஓட்டறதுக்குதான் ஆளு இல்ல. நாமதான் ஓட்டணும்."

"நாமன்னா?"

"நீயும் நானும். வேற யாரு?"

கரண்ட் போனால் அடுப்படிக்குத் தனியாகப் போகாதவள் நான். ஆனாலும் சரி என்றேன். நீ இல்லாமல் அந்த மெத்தையில் நாள் முழுக்க உட்காருவதை நினைத்தால் அது பிசாசைவிடப் பயமாக இருந்தது. அந்த ஒரு நாள் மட்டும் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மத்தியானமே கிளம்ப முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினோம். உன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். ஏரி, இருட்டு என்று காதில் விழுந்ததும் நெற்றி நிறைய விபூதி பூசி அனுப்பினார். அதைப் பார்த்ததும் நீ சொன்னாய்: "நல்லாருக்குது. உன் விபூதி, எங்கப்பா ஜெபமாலை, ரெண்டும் சேந்து வந்தா பிசாசே கொயம்பிடும்."

உன் அப்பாவை நீ வரவழைத்த விதம்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். சண்டை போடவில்லை, அழவில்லை. "அப்பா, இன்னிக்கி நானும் இவளும் மதகுல உக்காந்து அது இன்னான்னு பாக்கப் போறோம். நீங்க வர்லன்னா பரவால்ல, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க தனியாப் போவும்" என்றாய். அவர் உன்னையும் பார்த்தார், என் நெற்றியையும் பார்த்தார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பொழுது சாய்ந்தபோது மதகின் மேல் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். உன் அப்பா நடுவில். நமக்குக் காவலாக உட்கார்ந்தாரா, நாம் அவருக்குக் காவலா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. மழை விட்டு ஈரக்காற்று வீசியது. கொசு பிடுங்கியது. தவளைகள் கத்தின. நீ வறுத்த வேர்க்கடலையை எடுத்து நீட்டினாய். அந்த நேரத்தில் கடலை தின்ன உன்னால் மட்டும்தான் முடிந்தது.

நன்றாக இருட்டியதும் அது வந்தது. ஏரியின் அந்தக் கோடியில், தண்ணீரை ஒட்டி, ஒரு வெள்ளை வெளிச்சம். அசைந்தது. அணைந்தது. சற்றுத் தள்ளி மறுபடி எரிந்தது. நான் உன் கையைப் பிடிக்கப் போய் உன் அப்பா கையைப் பிடித்துவிட்டேன். அவர் என் கையைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு "அருள் நிறைந்த மரியே" சொல்ல ஆரம்பித்தார். வெளிச்சம் நம்மை நோக்கியே வந்துகொண்டிருந்தது.

நீ எழுந்து நின்று டார்ச்சை அதன் பக்கம் அடித்தாய். "யாரது? ஆளா இருந்தா பேசு, பிசாசா இருந்தா போயிடு!"

வெளிச்சம் அப்படியே நின்றது. பிறகு அங்கிருந்து ஒரு குரல், அழுகிறமாதிரி: "ஐயோ, ஒண்ணும் பண்ணிடாதம்மா! புள்ளகுட்டிக்காரன்!"

அவரைக் கிட்டே வரவைப்பதற்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டு உன் தொண்டை வற்றிப்போனது. எதிர்க்கரை ஊர்க்காரர் ஒருவர். நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு நண்டு பிடிக்க வந்தவர். குனிந்தால் வெளிச்சம் கோரைப்புல்லில் மறைந்துவிடும், நிமிர்ந்தால் தெரியும். உங்கள் தெருவையே வீட்டுக்குள் அடைத்த பிசாசு இடுப்பளவு தண்ணீரில் ஒரு பானையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டு நின்றது.

"நீ எதுக்குயா பயப்படற?" என்று உன் அப்பா கேட்டார். அவருக்கு உயிர் வந்துவிட்டது.

"இந்தக் கரைமேல ஒரு பிசாசு உலாத்துதுங்க. எங்கூரே பாத்துக்கினு இருக்குது. தெனம் ஏழு மணிக்கு டாண்ணு வரும். வெளிச்சம் ஆடிக்கினே இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போவும். பாட்டு வேற பாடும்ங்க! பொம்பள கொரலு. ஏழு மணிப் பிசாசுன்னு பேரு வச்சிருக்கறோம். அந்த நேரத்துக்கு நாங்க யாரும் வெளிய வர்றதில்ல. இன்னிக்கி பாட்டுச் சத்தம் காணோமேன்னுதான் கொஞ்சம் தைரியமா இந்தப் பக்கம் வந்தேன்."

நானும் உன் அப்பாவும் உன்னைத் திரும்பிப் பார்த்தோம். நீ டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தாய்.

அப்புறம் நீ சிரித்த சிரிப்பு! மதகின் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். உன் அப்பா சிரித்தார். நான் சிரித்தேன். விஷயம் புரிந்ததும் நண்டுக்காரர் தண்ணீரிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லாப் பாடறீங்கம்மா" என்று வேறு சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் நீயும் நானும் வருஷக்கணக்கில் வாதாடியிருக்க மாட்டோம்.

சிரிப்பு அடங்கி எல்லோரும் கிளம்பும்போதுதான் பார்த்தோம். ஏரியின் வடக்கு மூலையில், சேறும் கோரையும் மண்டிய இடத்தில், இன்னொரு வெளிச்சம். வெள்ளை இல்லை. கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தால் தெரியுமே, அந்த நீலம். புல்லுக்குச் சற்று மேலே நின்றது. காற்று ஒரு பக்கம் அடிக்க, அது வேறு பக்கமாக மெல்ல நகர்ந்தது. தவளைகள் தம் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன. வாய்விட்டு ஐந்தாறு எண்ணும் நேரம்கூட இருக்காது, அங்கே ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

நண்டுக்காரர் தன் நெற்றி லைட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அது நான் இல்லீங்க" என்றார் மெதுவாக.

நீ உன் அப்பாவைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். அவர் முகம் அந்த மூலையைப் பார்த்தபடியே இருந்தது. கையில் ஜெபமாலை இறுகியிருந்தது. அத்தனை நேரம் பேசியவள், உன் வேலையே அவர் சொல்லப்போகும் சொல்லில் நிற்கிறது என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டு நின்றாய்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எது? நான் ஒண்ணும் பாக்கல. நண்டு புடிக்கற லைட்டப் பாத்துட்டு ஊரே பயந்துக்கினு கெடக்குது. வாங்க, வூட்டுக்குப் போலாம். நாளைக்கி இவ வேலைக்குப் போவணும்."

நண்டுக்காரர் தனியாகத் திரும்பிப் போக மாட்டேன் என்று நம்மோடே வந்துவிட்டார். உன் அம்மா அவருடைய நண்டையே குழம்பு வைத்து அவருக்கும் போட்டார். நான் சைவம் என்பதால் எனக்கு ரசம், அப்பளம். நீ நண்டுக் காலை என் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டாய்.

மறுநாள் கடையில் மெதுவாகக் கேட்டேன். "நீ பாத்ததானே?" "பாத்தேன்." "உங்கப்பா?" "அவருதான் ஒண்ணும் பாக்கலன்னுட்டாரே. அப்புறம் இன்னா? புடவைய மடி" என்றாய்.

அன்றிலிருந்து உனக்குக் கல்யாணமாகும் வரை, தினமும் நீ பஸ் இறங்கும் நேரத்தில் உன் அப்பா மதகின் மேல் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அடைமழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கினார்.

பிறகு ஒருநாள் எதிர்க்கரை ஊரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் நம் மெத்தையில் உட்கார்ந்து, பேச்சுவாக்கில் ஏழு மணிப் பிசாசைப் பற்றிச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? "அந்தப் பிசாசு நான்தாங்க. பொண்ணுக்கு இந்த அரக்கு நல்லாருக்கும், எடுத்துக்குங்க" என்று முந்தியை விரித்தாய். மணப்பெண் சிரித்துக்கொண்டே அரக்குப் புடவையை எடுத்துக்கொண்டாள்.

உன் மகன் கல்லூரிக்குப் போன பிறகு நமக்கு விளக்கம் கொடுக்க வந்தான். சேற்றில் மக்கும் செடிகளிலிருந்து ஒரு வாயு கிளம்பும், அது எரியும், அதுதான் கொள்ளிவாய்ப் பிசாசு என்றான். "தானா எப்பிடிடா பத்திக்கும்? நெருப்பு வச்சது யாரு?" என்று மடக்கினாய். கல்லூரியில் கேட்டு வந்து, "அது மட்டும் இன்னும் யாரும் தெளிவாச் சொல்லலம்மா" என்றான். உனக்கு ஒரே சந்தோஷம். நான் அது ஏதோ ஆவி என்றேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "வாயுவோ ஆவியோ, அது பாட்டுக்கு வந்துச்சு, அது பாட்டுக்குப் போச்சு. நம்மள ஒண்ணும் பண்ணல. அத எதுக்கு ஏசறது?" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலத்தில் இருவரும் போய்ப் பார்த்தோம். ஒருமுறைகூட அது வரவில்லை. கொசுக்கடியோடு திரும்பினோம்.

நேற்றுப் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, உன் அப்பா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, அன்னிக்கி ஏரில நீயும் பாத்தல்ல?"

"பாத்தேம்பா. நீலமா."

"நீலமா" என்று தலையாட்டினார். "நானும் பாத்தேன். அது எனக்கும் எம்பொண்ணுக்கும் தவுர யாருக்கும் தெரியாது. அன்னிக்கி நீ தூங்கனதும் வந்து எங்கிட்ட சொல்றா, 'அப்பா, பொய் சொல்லிட்டீங்க. ஞாயித்துக்கெயம சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்க'ன்னு. சொல்லிட்டு எங்கையப் புடிச்சிக்கினு அய்தா."

என்னிடம் இதை நீ சொன்னதே இல்லை. எல்லாவற்றையும் சொன்னவள், உன் அப்பாவின் இந்த ஒன்றை மட்டும் இத்தனை வருஷம் உனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாய்.

"பண்ணீங்களா?"

"பண்ணேன். சாமியாரு இன்னா பாவம்னு கேட்டாரு. பிசாசப் பாத்துட்டுப் பாக்கலன்னு சொல்லிட்டேன் சாமின்னேன். கூண்டுக்குள்ள சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபப்படறியான்னாரு. அங்க ஒரு பொய் சொன்னேன், படறேன்னு." அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "நான் எங்கம்மா பட்டேன்? இப்பக் கேட்டாலும் பாக்கலன்னுதான் சொல்லுவேன். எம்பொண்ணு கடையில ராணி மாதிரி உக்காந்துக்கினு இருந்தா."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முப்பதாம் நாள் வீட்டில் இரண்டு பேர் இப்படிச் சிரிக்கலாமா என்று நினைத்திருப்பார்கள். உன் மகன் மட்டும் எங்களுக்கு இரண்டு டீ கொண்டுவந்து வைத்தான்.

அந்த வெளிச்சம் என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. ஒருவேளை அங்கே உனக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் தன் மகளுக்காக அதைப் பார்க்கவே இல்லை என்று சொன்னார். அவர் சொல்லும்போது நான் உன் பக்கத்தில் நின்றிருந்தேன். இனி அந்தக் கதையைச் சொல்ல ஆள் நான்தான். உன் பேரப்பிள்ளைகள் வந்து கேட்கட்டும், பாட்டோடு சொல்கிறேன்.