ராபியா டீச்சரின் சல்லடை

அன்புள்ள ஃபெபி அப்பாவுக்கு,

ஹில்டாவின் தோத்திரங்கள். நாகர்கோவிலில் மழை விட்டதா? பிள்ளைக்குச் சளி குறைந்ததா? பட்டாபிராமில் நான் சுகமாக இருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. கூவத்தில் போடும் குப்பை கடல் முகத்துவாரத்துக்குத்தான் போகிறது என்று ஒரு வாரம் படம் வரைந்து பாடம் நடத்தினேன். ஏழாம் வகுப்பு கொட்டாவி விட்டது. புதிதாக வந்த ராபியா டீச்சர் பிள்ளைகளை முகத்துவாரத்துக்கே கூட்டிப்போய், சேற்றைச் சல்லடையில் சலிக்கவைத்தாள். "டீச்சர், இது நம்ம ஊட்டாண்ட விக்கிற சிப்ஸ் கவரு!" என்று ஸ்வீட்லின் கத்தினாளாம். மறுநாளிலிருந்து வகுப்பே தின்பண்டத்தை டப்பாவில் கொண்டுவருகிறது.

எனக்கு வயிறு எரிந்தது. இதைப் பற்றிய பள்ளி அறிக்கையை நான்தான் எழுதினேன். அவள் பெயரை விட்டுவிட்டேன். அதைப் படித்த ராபியா, "உங்க படத்தைப் பாத்துதான் டீச்சர் எனக்கே இந்த யோசனை வந்துச்சு" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. இன்று தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொல்லி, அவள் பெயரை முதலில் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் பொறாமை இன்னும் போகவில்லை.

உங்கள் தம்பி ஜாபஸ் வரும்போது ஃபெபியின் சின்னத் தலையணையைக் கொடுத்தனுப்புங்கள். உறையைத் துவைக்க வேண்டாம். மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள்
ஹில்டா