அப்பாவின் இடது நுரையீரல்

மண்டித் தெரு முழுக்கக் கேட்கும் குரல்காரரான என் ஆசை அப்பாவுக்கு,

நேத்து பேப்பரில் ஒரு செய்தி படிச்சேன். உங்களுக்கு வந்த அதே நோய்க்கு, நுரையீரல் ஊதிக் கெட்டுப்போற நோய்க்கு, வெளிநாட்டில் ஒரு நுரையீரலை மாத்தி வெச்சிருக்காங்களாம். ஒண்ணுதான் புதுசு. இன்னொண்ணு பழசாவே உள்ளே இருக்குமாம். எனக்குச் சந்தோஷம் வரலை. அந்தப் பழசு சும்மா இருக்குமா அப்பா?

உங்களது சும்மா இருக்கலையே. மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி ஏலம் விட்ட குரல், பீடியால் ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் நின்னு போச்சு. மெட்ராஸில் வலது நுரையீரலில் இருந்த பெரிய காத்துக் கொப்புளத்தை வெட்டி எடுத்தாங்க. பீடியை விட்டீங்க, திரும்ப மண்டிக்குப் போனீங்க. அந்த வலது பக்கத்தில் யார் கையும் படாம அம்மா காவல் காத்தாங்க.

அன்னிக்கு ஏலத்துக்கு நடுவில் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கூடை மேல சாஞ்சீங்க. "தையல் விட்டுப் போச்சு போல"ன்னு அம்மா அலறினாங்க. தர்மபுரியில் டாக்டர் வலது பக்கம் ஸ்டெத் வெச்சுக் கேட்டார், நல்லா இருந்தது. இடது பக்கம் விரலால் தட்டினார். காலி டின் மாதிரி சத்தம்.

"இந்தப் பக்கம் வெடிச்சிருக்கும்மா. காத்து கசிஞ்சு நுரையீரலை அமுக்குது."

விலாவில் குழாய் போட்டு, முனையைத் தண்ணி பாட்டிலுக்குள் விட்டார். நீங்க மூச்சு விட விடக் குமிழி வந்தது. கசிவு நிக்கலை, சேலத்துக்குப் போகச் சொன்னாங்க.

வாடகைக் காரில் பாட்டில் என் காலடியில். "மேல தூக்கிடாதீங்க. குமிழி வருதான்னு பாத்துக்கிட்டே போங்க"ன்னு நர்ஸ் சொல்லியிருந்தாங்க. அதியமான்கோட்டை தாண்டினோம். தொப்பூர் இறக்கத்தில் லாரி ஒண்ணு குறுக்கே நின்னு வழியை அடைச்சிருந்தது. அங்கதான் குமிழி நின்னுச்சு.

உங்க உதடு நீலமாச்சு. கழுத்து நரம்பு புடைச்சுது. "ஏங்க, என்னைப் பாருங்க, ஏங்க"ன்னு அம்மா உங்க முகத்தைப் பிடிச்சாங்க. நான் குழாயைத் தடவிக்கிட்டே மேல போனேன். உங்க இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவில் மடங்கி நசுங்கிக் கிடந்தது.

"அம்மா, அப்பாவைத் தூக்குங்க!"

இழுத்து நேராக்கினேன். பாட்டில் உலை மாதிரி கொதிச்சுது. கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்தீங்க. "ஏன் கண்ணு வண்டி நிக்குது? லோடு... அழுகிடும்." நாங்க சிரிச்சமா அழுதமான்னு எனக்கு இன்னும் தெரியலை.

சேலத்தில் கசிவு அடைய நாளாச்சு. ஆனா அடைஞ்சுது. என் கல்யாணத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே தாரை வார்த்துக் கொடுத்தீங்க. அடுத்த மழைக்காலம் அதே இடது பக்கம் சளி கட்டிக் காய்ச்சல் கண்டப்போ எதுவும் உதவலை. ஓசூரிலிருந்து நான் பஸ் ஏறி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கடைசியா என்னைத் தேடினீங்களா? அம்மா சொல்ல மாட்டேங்கறாங்க.

மண்டியைத் தம்பி பாத்துக்கறான். அம்மாதான் சரியில்லை. படுத்தா மூச்சடைக்கும்னு நீங்க உட்கார்ந்தே தூங்கினப்போ, உங்களுக்கு முதுகு கொடுத்து அவங்களும் உட்கார்ந்தே தூங்கினாங்க இல்லையா? வூட்டில் இன்னமும் அப்படியேதான் தூங்கறாங்க. "பழகிருச்சு கண்ணு"ங்கறாங்க.

நாளைக்கு அவங்களை ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறேன் அப்பா. பக்கத்திலேயே நானும் பாய் போட்டுக்கறேன். எத்தனை நாளானாலும் சரி, அம்மாவைக் காலை நீட்டிப் படுத்துத் தூங்க வெச்சுடுவேன்.

உங்க மூத்த மக,
செல்வி