மேரியின் பெயரில் எட்டு நாள்

துவாக்குடி
29.8.2024

அன்புள்ள உமா,

நீயும் ஜெய்சங்கர் அண்ணனும் சௌக்கியமா? போனில் பேசினால் இவர் காதில் விழும். "எனக்காக யாருகிட்டயும் கெஞ்சாத" என்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

இவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எல்லாம் என் கம்பெனி இ.எஸ்.ஐ. கார்டில்தான் ஓடுகிறது. ஆறு மாதத்தில் எழுபத்தெட்டு நாள் நான் வேலை பார்த்திருந்தால்தான் அது இவருக்குச் செல்லும். ஆஸ்பத்திரியில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தே என் நாளெல்லாம் போய்விட்டது. செப்டம்பரோடு கெடு. செவ்வாய், வியாழன், சனி மட்டும் என் கார்டை எடுத்துக்கொண்டு என் பெயரில் நீ வேலைக்குப் போவாயா? மேஸ்திரி மூக்கனிடம் சொல்லிவிட்டேன், கண்டுகொள்ள மாட்டார். கூலியை நீயே வைத்துக்கொள். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் மேரி

ஜீயபுரம்
1.9.2024

அடி மேரி,

இதற்கு ஒரு கடிதமா? வாழைத்தார் சுமக்கிறவளுக்குத் தகரம் வெட்டுவது பெரிய காரியமா? பொட்டை அழித்துவிட்டு, கழுத்தில் ஒரு சிலுவையைப் போட்டுக்கொண்டு வருகிறேன். "பேரை மாத்திக்கலாம், வாயை என்ன பண்ணுவ?" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். சவரி அண்ணனைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்.

உமா

ஜீயபுரம்
4.10.2024

அன்புள்ள மேரி,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பத்து நாளாகப் போனை எடுக்க மாட்டேன் என்கிறாயே, ஏன்?

எட்டாவது நாள் தகரம் வெட்டும் பிரஸ் என் வலது கையில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது அந்த வலியிலும் உன் பெயரைத்தான் சொன்னேன். கார்டில் இருந்த போட்டோவால் குட்டு உடைந்து, இப்போது கம்பெனியில் என்னைத் திருடி என்கிறார்கள். "கார்டைத் திருடிட்டு வந்தாள்னு இருதயமேரியே எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார் மானேஜர். மேரி அப்படிச் செய்ய மாட்டாள் என்று அவரோடு சண்டை போட்டேன்.

இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் நசுங்கிய இரண்டு விரலும் மடங்காதாம். அங்கே ஒரு நாள் வேலை பார்த்திருந்தாலும் விபத்துக்கு வைத்தியம் உண்டு என்கிறார் யூனியன்காரர். பதினாறாம் தேதி இ.எஸ்.ஐ. ஆபீசில் விசாரணை. நீ கூப்பிட்டுத்தான் வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல், போதும்.

உமா

துவாக்குடி
9.10.2024

உமா,

மானேஜர் சொன்னது உண்மைதான். ஆள் மாற்றி அனுப்பியது தெரிந்தால் கார்டு போய்விடும் என்றார்கள். திருடி என்று எழுதியது அவர்கள். கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. உனக்குப் போவது இரண்டு விரல், எனக்குப் போவது இவர் உயிர். என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்? தயவுசெய்து விசாரணைக்கு வராதே. கோவிலில் தினமும் உனக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறேன்.

மேரி

ஜீயபுரம்
17.10.2024

இருதயமேரிக்கு,

உன் இடத்தில்தானே எட்டு நாள் நின்றேன். ஊரான் திருடி என்றால் துடைத்துப் போட்டுவிடுவேன். நீ சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

நேற்று அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவங்க கார்டை நிறுத்தவேண்டி வரும், தெரியுமாம்மா?" என்று கேட்டார். "தெரியுங்க" என்றேன். நாளைக்கும் தார் சுமக்க எனக்குக் கை வேண்டும்.

அடுத்து உன்னை உள்ளே கூப்பிட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாய். வெளியே பெஞ்சில் சவரி அண்ணன் உட்கார்ந்திருந்தார். என் கட்டைப் பார்த்துப் பதறிவிட்டார். "என்னம்மா உமா, கையை எங்க இடிச்சுக்கிட்ட? மேரி ஒண்ணும் சொல்லலியே" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

அப்போதுதான் தெரிந்தது, அவரிடம் நீ எதையும் சொல்லவில்லை என்று. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊசி குத்திக் குத்தி அவர் கை புடைத்திருந்தது. நீ வருவதற்குள் எழுந்து பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

இனி நீயே அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லும்போது என்னைத் திருடி என்று மட்டும் சொல்லாதே.

உமாமகேஸ்வரி