இரண்டு பேர் ஊற்றிய தண்ணீர்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். தோட்டத்துச் சாவி இந்தச் சீட்டுக்கு அடியில்.

பூசணி அழுகுகிறது. காலையில் ஒன்றைத் தூக்கினேன், அடிப்பக்கம் கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. கேரட்டெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. விதைதான் கோளாறு என்று நினைத்து, வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்துப் பாத்தித் தையல்காரர் வந்து, "காலையில நீங்க ஊத்துறீங்க, சாயங்காலம் அவரு ஊத்துறாரு. வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ராத்திரி மழை வருமாம். நனைந்தால் மிச்சமும் போச்சு. இருட்டுவதற்குள் நல்ல காய்களைக் காம்போடு அறுத்துக் கொண்டுவந்துவிடுங்கள். லீவு கேட்டேன், தரவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன், போங்கள். அந்தத் துண்டு நிலத்தை விட்டால் நாம் சேர்ந்து செய்வதென்று வேறு எதுவும் மிச்சமில்லை.

என் கோபம் இன்னும் ஆறவில்லை. அது வேறு.

கத்தி சிங்க் பக்கத்தில். பிடி ஆடுகிறது, கை பத்திரம்.

இன்றைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மறந்துபோய் ஊற்றிவிட்டால், ஊற்றிவிட்டேன் என்று போன் பண்ணிச் சொல்லுங்கள். அதையாவது என்னிடம் பேசுங்கள்.