முகத்தின் இடது பாதி

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறேன். கீழ் வீட்டிலிருந்து அத்தை காலையும் மாலையும் மாடியேறி வந்து நான் சாப்பிட்டேனா என்று பார்த்துவிட்டுப் போகிறாள், அவளுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் அங்கே குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்பது நாளாக உன் போனை நான் எடுக்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டு அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று அழுதாயாம். போனில் பேசினால் ஒன்று கத்திவிடுவேன், இல்லையென்றால் அழுதுவிடுவேன், இரண்டும் வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆகிறதோ, கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் கம்பெனி சரக்கு என்று நீ அனுப்பிய அந்தச் சின்னக் குப்பியை நான் குறை சொல்லவில்லை. ஹையலூரானிக் ஆசிட் என்று நீ போனில் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் சலவைக்கூடத்தில் விரிப்புகளில் ஏறிய துருக்கறையை எடுக்கவும் ஓர் ஆசிட் வைத்திருக்கிறார்கள், அது என் பக்கத்து இயந்திரத்துக்காரன், டமாரம் என்று நாங்கள் கூப்பிடுகிறவன், அவன் மணிக்கட்டில் பட்டுத் தோலுரிந்ததை நான் கண்ணால் பார்த்தவன். நீ சிரித்துவிட்டு, "அய்யோ அப்பா, இது அந்த ஆசிட் இல்ல, நம்ம உடம்புலயே இருக்கறதுதான், தண்ணிய இழுத்துப் புடிச்சு வெச்சுக்கும்" என்றாய். முகம் கழுவியதும் துடைக்காமல் ஈரத்தோடு இரண்டு சொட்டு, அதற்கு மேல் க்ரீம், க்ரீம் போடாமல் விட்டால் உள்ளே இருக்கிற ஈரத்தையும் அது வெளியே விட்டுவிடும் என்று பள்ளிக்கூட டீச்சர் மாதிரி பாடம் நடத்தினாய். இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி விரிப்புகளை உருளை இஸ்திரிக்குள் தள்ளித் தள்ளி, அந்தச் சூட்டில் கன்னம் இரண்டும் செதில் செதிலாகக் காய்ந்துபோன எனக்கு அது இதமாகத்தான் இருந்தது. சவரம் செய்தால் எரிவதில்லை. டமாரம் என்னைப் புது மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தான், நானும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன்.

அதைவிட எனக்கு இதமாக இருந்தது இன்னொன்று. "தெனமும் காலைல ஒரு போட்டோ அனுப்புங்கப்பா, உங்க முகத்தப் பாத்துட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புவேன்" என்று நீ சொன்னது. உன் அம்மா போன பிறகு என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், சொல். அதனால் தினமும் தலைவாரி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சமையலறை ஜன்னல் பக்கம் நின்று எடுத்து அனுப்பினேன். எனக்குக் காய்ச்சல் அடித்த அன்றைக்குக் கூடப் படுக்கையிலிருந்தே எடுத்து அனுப்பினேன். "வெளிச்சம் பத்தல அப்பா, ஜன்னல் பக்கம் வந்து இன்னொண்ணு எடுங்க" என்று பதில் போட்டாய். மகளுக்கு நம் மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் எடுத்தேன். எட்டு வாரம் ஒருநாள் தப்பவில்லை, அதற்கப்புறமும் நிறுத்தவில்லை.

பத்து நாள் முன்னால் டீ குடிக்கும் நேரத்தில் டமாரம் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அண்ணே, மருந்துக்கடை வாசல்ல நீங்க நிக்கிறீங்க" என்றான். என்னடா உளறுகிறான் என்று வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் அட்டை, அதில் ஒரே ஒரு முகம், நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பாதிக்குக் கீழே 'முன்பு' என்றும் வலது பாதிக்குக் கீழே 'எட்டே வாரத்தில்' என்றும் எழுதியிருந்தது. வலது பாதி கோடு போட்ட சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தது. பொய் சொல்ல மாட்டேன் சின்னு, முதல் நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் என் மகள் என்னை ராஜாவாக்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் இடது பாதியைப் பார்த்தேன். வீங்கின கண், இழுத்துக்கொண்டு நிற்கிற வாயோரம், பழுப்புச் சட்டையின் கசங்கின காலர், பின்னால் பச்சைப் பெயின்ட் அடித்த சுவர்.

அந்தச் சுவர் எது என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் உன் அம்மாவின் உடலை வெளியே கொண்டுவர நான் காத்திருந்த பெஞ்சுக்குப் பின்னால் இருந்த சுவர். மூன்று நாளாக மாற்றாத சட்டை அது. உனக்கு லீவு கிடைக்கவில்லை, வர முடியவில்லை, நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீதான் போனில் தேம்பினாய், "என்னால வர முடியலையேப்பா, உங்க முகத்தையாவது காட்டுங்க" என்று. பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண்தான் என் போனை வாங்கி எடுத்து அனுப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் என் பழைய போன் உடைந்துபோனது. அந்தப் படத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முதல்முதலாக மருந்துக்கடை வாசலில்தான் பார்த்தேன், கீழே 'வறண்டு களையிழந்த சருமம்' என்று எழுதியிருக்க.

நான் அசையாமல் நின்றிருந்தபோது எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற ஓர் அம்மா, கையெல்லாம் வெடித்துப் போனவள், அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்கதானே, நெஜமாவே எட்டு வாரத்துல இப்படி ஆயிடுச்சா" என்று கேட்டாள். கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஆமாம் என்றால் உன் அம்மாவின் சாவை வைத்துப் பொய் சொன்னவனாவேன், இல்லை என்றால் உன் பிழைப்பில் மண்ணைப் போட்டவனாவேன். "மருந்து நல்லதும்மா, காஞ்ச தோல் கொஞ்சம் மெத்துனு ஆகும், ஈரத்தோட தடவி மேல க்ரீம் போட்டுக்கோ. ஆனா இந்தப் பக்கம் இருக்கறது காஞ்ச தோல் இல்ல. எம் பொண்டாட்டி செத்த அன்னைக்கு எடுத்தது" என்றேன். உன் அம்மாவுக்கு இரண்டு வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் இல்லையா அந்தக் கடைக்காரர், அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். "எனக்குத் தெரியாதுண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. "பாதி முகம்தானேப்பா, யாருக்கு அடையாளம் தெரியப்போகுது? மத்த போட்டோ எதுவும் அந்த அளவுக்கு எடுபடல." எடுபடவில்லையாம். நான் போனை வைத்துவிட்டேன். அப்புறம் அந்த எட்டு வாரத்துக் காலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான் சிரித்தது, தலைவாரியது, காய்ச்சலோடு ஜன்னலுக்கு நடந்தது எல்லாம். என்னை ஏமாற்றிப் படம் வாங்கியிருக்கிறாய். "அப்பா, கம்பெனி விளம்பரத்துக்கு உங்க படம் வேணும்" என்று நேராகக் கேட்டிருந்தால் தலைகீழாக நின்றுகூடப் படம் எடுத்துக் கொடுத்திருப்பேன், அது உனக்குத் தெரியாதா? அத்தை, சின்னப் பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள், விடு என்கிறாள். அந்தப் படத்தைத் தேடி எடுத்து, அளவு பார்த்து நறுக்கி, பச்சைச் சுவர் கொஞ்சம் தெரியும்படி விட்டிருக்கிறாய். தெரியாமல் செய்கிற வேலையா அது?

நீ கெட்டவள் என்று நான் எழுதவில்லை. அந்த ஊரில் தனியாளாக நின்று முன்னுக்கு வர நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் செய். வலது பாதி என்னுடையது, அதை உனக்குக் கொடுத்துவிட்டேன், எத்தனை கடையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள். இடது பாதியில் உன் அம்மாவும் இருக்கிறாள். அதை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் சொல். அது என்றைக்கு எடுத்த படம் என்று உன் மேலதிகாரிகளிடம் உன் வாயாலேயே சொல். அதனால் உனக்கு அங்கே மனக்கசப்பு வந்தால் வரட்டும், இங்கே எனக்கு வந்ததைவிடப் பெரிதாக இருக்காது. காலை போட்டோ இனிமேல் வராது, எதிர்பார்க்காதே.

குளிருக்கு அறையில் ஹீட்டர் போட்டுக்கொண்டு தூங்குவாய், காற்று காய்ந்துபோகும், நீ எனக்குச் சொன்னதை நீயும் செய், க்ரீம் போடாமல் படுக்காதே. வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, நீ நினைத்த உயரத்துக்கு நீ போக வேண்டும் என்றுதான் இந்தக் கோபத்திலும் மனசு சொல்கிறது, அதற்கு மேல் எனக்கு வாழ்த்தத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு என் முகத்தைக் காட்டச் சொன்னாயே தவிர, அம்மா போகும்போது உன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று நீ இன்றுவரை கேட்கவில்லை. அதைக் கடிதத்தில் எழுத எனக்கு இஷ்டமில்லை. லீவு போட்டுவிட்டு வா, எதிரே உட்கார வைத்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா